கொத்தின் காய்ப்பும் கொடியின் தூக்கமும்

அனுமந்தன்பட்டியில் நிலக்கடலை பிடுங்குகிற நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. ஊரே மழையைத் திட்டியது. பவானி ஒருத்திதான் நிற்காமல் பெய்யட்டும் என்று வேண்டினாள். வேண்டிக்கொண்டே பயந்து செத்தாள்.

அவள் கடலை ஆராய்ச்சிக்காரி. அள்ளிக் காய்க்கும் கொத்துக்கடலைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. முற்றியபின் ஈரம் பட்டால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். கொடிக்கடலை நனைந்தாலும் முளைக்காமல் மாதக்கணக்கில் தூங்கும், ஆனால் காய்ப்பில் கஞ்சம். கொத்தின் பூவில் கொடியின் மகரந்தத்தைத் தொட்டுவைத்து, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி, இரண்டு குணமும் சேர்ந்த விதை என்று ஒன்றை எடுத்திருந்தாள். அதுதான் சோதனைக்காக, ஊர் விவசாயி ஒச்சாண்டியின் நிலத்தில் விளைந்து நனைந்துகொண்டிருந்தது. அது தூங்குமா என்று சொல்ல இந்த மழையை விட்டால் ஆளில்லை.

"தாயி, பிடுங்கிருவமா? பக்கத்துக் காடெல்லாம் மொளைச்சுப் போச்சு" என்றார் ஒச்சாண்டி.

"இன்னும் ரெண்டு நாளு பொறுங்கண்ணே."

சொல்லிவிட்டு வரப்பை விட்டு நகராமல் நின்றாள். கெட்டால் அவர் வெள்ளாமை அல்லவா கெடும்?

மழை விட்டு வானம் வெறித்ததும் முதல் செடியை அவளே பிடுங்கி, மண்ணை உதறி, காயை உடைத்தாள். முளை இல்லை. அடுத்த செடியிலும் இல்லை. எதிலுமே இல்லை.

ஒச்சாண்டி சிரித்தார். "கொறட்டை விட்டுல்ல தூங்குது! மார்கழிக்கு அரை ஏக்கர் இதையே போடுறேன் தாயி. உழுது வைக்கிறேன்."

அங்கேதான் பவானிக்கு அடுத்த பயம் பிடித்தது. தூங்கியது சரி, எழுந்திருக்குமா? மார்கழி விதைப்புப் பட்டத்துக்குள் விழிக்காத விதை எந்தச் சம்சாரிக்கு ஆகும்? காயவைத்த பருப்பில் வாராவாரம் ஒரு கைப்பிடி எடுத்து ஈரச்சாக்கில் சுருட்டி வைத்தாள். பிரித்தால் கல்லு மாதிரிக் கிடந்தது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. முளைக்கவே கூடாது என்று மழையில் நின்றவள், இப்போது சாக்கைப் பார்த்துக் கெஞ்சினாள்.

மார்கழி பிறந்ததும் மிச்சம் முழுவதையும் நனைத்தாள். கொஞ்சம் முளைவிட்டது. மற்றதெல்லாம் தூக்கம்தான். குணம் இன்னும் நிலைக்கவில்லை என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று. பாதிக்கு மேல் கொடியின் நெடுந்தூக்கத்தை அப்படியே வாங்கி வந்திருந்தன. விழித்ததை மட்டும் வைத்து மறுபடி தொடங்க வேண்டும்.

ஈரத்துணியில் அதை முடிந்துகொண்டு ஒச்சாண்டியிடம் போனாள். உழுத நிலம் தயாராகக் கிடந்தது.

"அண்ணே, அரை ஏக்கருக்குக் காணாது. ஒத்தச் சாலுக்குத்தான் வரும். உங்களை நம்ப வச்சுக் கெடுத்துட்டேன்."

ஒச்சாண்டி முடிச்சைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார். மண்வெட்டியோடு நட்டநடுவில் போய் மண்ணைக் கீறி ஒற்றைச் சால் பிடித்தார்.

"ஓரமாப் போடலாம்லண்ணே? நீங்க வேற ஏதாச்சும் வெதைக்கணுமே."

"ஓரத்துல போட்டா ஆடு கடிச்சிரும் தாயி. மத்த வெள்ளாமை இதைச் சுத்தி வளரட்டும்."

மழையிலெல்லாம் வராத அழுகை பவானிக்கு அப்போது வந்தது. விதை போடுகிற சாக்கில் நன்றாகக் குனிந்துகொண்டாள்.