இறங்காத விமானத்திலிருந்து இறங்கியவர்

தி. நகரில் நைட்டிக் கடை வைத்திருக்கும் பொன்ராஜுக்கு விமானம் என்றால் பயம். அவர் மனைவி தங்கபுஷ்பத்தைத் தவிர யாருக்கும் இது தெரியாது. தெரிந்திருந்தால், நெடுங்கரை விமான நிலையக் கோரிக்கைக் குழுவின் சென்னைக் கிளைக்கு அவரைத் தலைவராகப் போட்டிருக்க மாட்டார்கள்.

நெடுங்கரை அவர்களுடைய சொந்த ஊர், தெற்கே கடலோரம். அங்கே ஏர்போர்ட் வேண்டும் என்று பொன்ராஜ் பதினோரு வருடம் மனு போட்டார். மந்திரி மாறினால் மேலே பெயரை மட்டும் மாற்றுவார். 'எங்கள் மண்ணின் மைந்தர்கள் வானத்தைத் தொட வேண்டாமா?' என்பது மனுவின் கடைசி வரி. அதை எழுதிய மைந்தர் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர்ப் பக்கமே போக மாட்டார். துணி காயப்போடுவதெல்லாம் தங்கபுஷ்பம்தான்.

கடைசியில் ஏர்போர்ட் வந்தேவிட்டது. ஒரு ஓடுபாதை, பஸ் ஸ்டாண்டைவிடச் சின்னதாக ஒரு கட்டடம், தினமும் காலையில் சென்னையிலிருந்து ஒரு விமானம். முதல் விமானத்தில் தலைவர் மனைவியோடு வந்து இறங்க வேண்டும், மேளதாளத்தோடு வரவேற்பு என்று ஊரில் முடிவாகிவிட்டது. பொன்ராஜின் தம்பி சுரேஷ்குமார்தான் ஏற்பாடு. டிக்கெட்டையும் அவனே போட்டு அனுப்பினான். அண்ணனுக்கு ஜன்னல் சீட்டு.

இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்துவிட்டு, பொன்ராஜ் ஒரு திட்டத்தோடு வந்தார்.

"ஏ புஷ்பம், நீ விமானத்துல வா. நான் முந்தின நாளே ரயில்ல போயிருதேன்."

"போயி?"

"ஏர்போர்ட்டுக்கு வெளிய ஒரு கக்கூஸ் இருக்காம். அதுக்குள்ள நிக்கேன். விமானச் சத்தம் கேட்டதும் பெட்டிய உருட்டிக்கிட்டு வந்து, இறங்குத ஆளுக கூட கலந்துருதேன்."

"பயமா இருக்குன்னு சொல்லிட்டுப் போங்களேன்."

"பதினோரு வருசம் மனு போட்டவன் சொல்லுத பேச்சா இது?"

இருபத்தெட்டு வருடக் கல்யாணத்தில் அவர் போட்ட எந்தத் திட்டத்தையும் தங்கபுஷ்பம் தடுத்ததில்லை. எல்லாம் முடிந்த பிறகு கூட்டி அள்ளுவதோடு சரி.

அந்தக் காலையில் அவள் தனியாக ஆட்டோவில் மீனம்பாக்கம் போனாள். "இன்னாமா, தனியா போறே? வூட்டுக்காரர் வரலியா?" என்று கேட்டார் ஆட்டோக்காரர்.

"அவர் முன்னாடியே இறங்கப் போயிட்டாரு" என்றாள்.

சின்ன விமானம், பக்கத்துக்கு இரண்டு சீட்டு. பொன்ராஜின் ஜன்னல் சீட்டில் தங்கபுஷ்பம் உட்கார்ந்துகொண்டாள். காலியான சீட்டுக்குப் பின்வரிசையிலிருந்து ஒரு அம்மாள் கேட்டுக்கொண்டு வந்தார். கரோல், சாந்தோமில் டீச்சர். நெடுங்கரைப் பக்கம் அக்கா ஊரில் கோயில் திருவிழாவுக்குப் போகிறார். விமானம் கிளம்பியதும் கரோல் சிலுவை போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தங்கபுஷ்பம் கண்ணை மூடவேயில்லை. கீழே அடையாறு வளைந்து போயிற்று. அவள் தி. நகரைத் தேடினாள். ஒரு உள்ளங்கை அகலத்துக்குக் கட்டடக் குவியல். அதற்குள் எங்கேயோ தன்னுடைய இரண்டாயிரம் நைட்டிகள் தொங்கிக்கொண்டிருக்கின்றன என்று நினைத்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். கரோல் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

நெடுங்கரைக்கு மேலே மழை மேகம் கறுப்பாக நின்றது. விமானம் தாழ இறங்கியது. உப்பளம் தெரிந்தது, சாலையில் ஒரு பஸ் தெரிந்தது. சட்டென்று பெரிய உறுமலோடு விமானம் மேலே ஏறியது. சுற்றி வந்து இன்னொரு முறை இறங்கப் பார்த்து, மறுபடியும் ஏறியது. "மாதாவே" என்று கரோல் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இறங்க முடியாததால் சென்னைக்கே திரும்புகிறோம் என்று பைலட் சொன்னார். அந்த நேரத்திலும் தங்கபுஷ்பத்துக்குக் கக்கூஸுக்குள் நிற்கிற மனிதர் ஞாபகத்துக்கு வந்தார்.

மீனம்பாக்கத்தில் இறங்கி போனைப் போட்டால், சுரேஷ்குமாரிடமிருந்து பதினாலு அழைப்பு. அவள் கூப்பிட்டாள்.

"மதினி, எங்க இருக்கிய?"

"சென்னையில. இறங்க முடியலன்னு திரும்பிட்டு."

"அப்ப அண்ணன் எப்படி இறங்கினாரு?"

தங்கபுஷ்பம் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சுரேஷ்குமார் மூச்சுவிடாமல் சொன்னான். விமானம் தலைக்கு மேலே உறுமிய உடனே அண்ணன் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்துவிட்டார். தலைவர் வந்துட்டாருன்னு யாரோ கத்த, மேளம் ஆரம்பித்துவிட்டது. மாலை போட்டு மேடையில் ஏற்றி மைக்கைக் கொடுத்தார்கள். அண்ணனும் விடவில்லை. மேகம் மெத்தை மாதிரி இருந்தது, ஏர்ஹோஸ்டஸ் காபி கொடுத்தாள், சர்க்கரைதான் கொஞ்சம் கம்மி என்று பத்து நிமிடம் பேசினார். அப்போதுதான் ஏர்போர்ட் ஆள் ஒருவர் வந்து, விமானம் திரும்பிவிட்டது, யாரும் காத்திருக்க வேண்டாம் என்றார்.

"கூட்டம் கப்சிப்னு ஆயிட்டு மதினி. 'அப்ப தலைவர் குதிச்சாரா?'ன்னு ஒருத்தன் கேட்டான் பாருங்க..."

"இப்ப எங்க அவரு?"

"கக்கூஸுக்குள்ள போயி தாழ்ப்பாள் போட்டுக்கிட்டாரு."

"கதவுக்கு மேல போனைக் குடு."

நன்றாகத் திட்டிவிடுவது என்றுதான் தங்கபுஷ்பம் தயாராக இருந்தாள். ஆனால் பொன்ராஜின் குரல் அழுகிற குரலாக இருந்தது.

"புஷ்பம், உனக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல."

"இறங்க முடியாமத் திரும்பிட்டுன்னு சொன்னான். மானம் போனதுகூட எனக்குத் தெரியல, கேட்டியா. உன்னை ஏத்தி விட்டுட்டு நான் ரயில்ல வந்துட்டேனேன்னுதான்..."

தங்கபுஷ்பத்துக்குத் திட்டு மறந்துபோயிற்று. "நான் நல்லாத்தான் இருக்கேன். வெளிய போயி உண்மையைச் சொல்லுங்க."

"சிரிப்பானுவ."

"இப்பவும் சிரிச்சுக்கிட்டுத்தான் நிக்கானுவ. விசயம் தெரிஞ்சு சிரிக்கட்டும்."

அவர் வெளியே வந்து, மைக்கிலேயே சொன்னார். ஊர் வயிறு வலிக்கச் சிரித்தது. மறுபடியும் வாசிக்கவா என்று மேளக்காரர் கேட்டாராம்.

மழை விட்டதும் மதியம் விமானம் மறுபடி கிளம்பும், வேண்டியவர்கள் ஏறலாம் என்றார்கள். "ஒரு நாளைக்கு இவ்ளோ ஜெபம் போதும்மா, நான் ட்ரெயின்ல போயிக்கிறேன்" என்று கரோல் விடைபெற்றார். தங்கபுஷ்பம் நேரே கவுண்டருக்குப் போய், "எனக்கு அதே ஜன்னல் சீட்டு வேணும்" என்றாள்.

இந்த முறை இறங்கியது. மாலைகள் எல்லாம் காலையிலேயே செலவாகிவிட்டதால், சுரேஷ்குமார் யாரிடமோ ஒரு துண்டை வாங்கிப் போர்த்தினான். பொன்ராஜ் ஓடி வந்து அவள் பெட்டியை வாங்கிக்கொண்டார். கூட்டத்தில் விசில் பறந்தது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஊரில் இரண்டு நாள் இருந்துவிட்டு அவள் விமானத்திலும் அவர் ரயிலிலும் திரும்பினார்கள். தங்கபுஷ்பம் வந்து கடையைத் திறந்து ஒரு நாள் வியாபாரமே பார்த்துவிட்டாள். மறுநாள் காலை, சவரம் செய்யாத முகத்தோடு வந்து சேர்ந்தார் பொன்ராஜ். சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தினார். பிறகு ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மேகத்துக்குள்ள போவுதப்போ எப்படி இருந்துச்சு?"

"வெளிய ஒண்ணுமே தெரியல. வெள்ளையா இருந்துச்சு. லேசா ஆடிச்சு. பிறகு சட்டுனு வெயில்."

"ஆடிச்சா?"

"நம்ம இருபத்தேழு டி பஸ் அளவுக்கு இல்ல."

பொன்ராஜ் அதை யோசித்துக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் உள்ளே வந்து, "அண்ணா, இதுல டபுள் எக்ஸெல் கீதா?" என்று கேட்டாள்.

"இருக்கும்மா, ஒரு நிமிசம்" என்றவர், மனைவி பக்கம் திரும்பி, "வெயில் எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சு?" என்றார்.