வலக்கடியனும் காசிநாதனின் இமைகளும்

...எட்டடி என்று சொன்னால்தான் என்ன, ஒன்பதென்றே சொல்லலாம், செத்த பாம்பு எழுந்து வந்து சாட்சி சொல்லப்போகிறதா, ஆனால் டாக்டரம்மாவிடம் மட்டும் மூன்றடி, அங்கே மட்டும் அளவு பிசகக் கூடாது என்று ஜலாலுதீன் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். செங்கல்பட்டில் ஏறும்போதே கண்டக்டர் அப்பாசாமி, "இன்னா பாய், பாம்பு இன்னிக்கி எத்தினி அடி வளந்துகீது?" என்று கேட்டுப் பஸ்ஸையே சிரிக்க வைத்துவிட்டான், சிரிக்கட்டும், கடற்கரை டிஸ்பென்சரியில் முப்பத்திரண்டு வருஷம் கம்பவுண்டராக இருந்து, அவர் கலக்கிக் கொடுத்த மருந்தையெல்லாம் ஒன்றாக ஊற்றினால் மதுராந்தகம் ஏரி இரண்டு தடவை நிரம்பும், அப்படிப்பட்டவர் பெயர் இன்றைக்குப் பிறகு அச்சில் ஏறப்போகிறது. மகாபலிபுரத்தில் கடல்பாம்பு விஷத்தை ஆராயும் டாக்டர் ரெபேக்காள் காத்திருக்கிறார், ஒரு தாளில் கையெழுத்து, அவ்வளவுதான்... கடல்பாம்பு கடித்தவனை நல்லபாம்பு விஷமுறிவுச் சீரம் போட்டுப் பிழைக்கவைத்த கம்பவுண்டர் என்று லண்டனில் படிப்பார்கள், அமெரிக்காவில் படிப்பார்கள். ஷரீபுன்னிசா மட்டும், "லண்டன்காரன் படிக்கட்டும், நீங்க வரச்சொல்ல கருவாடு வாங்கியாங்க" என்றாள். வீட்டுக்காரிக்கு எங்கே தெரியப்போகிறது.

போன வருஷம், ஐம்பத்தைந்தில், டிஸ்பென்சரி டாக்டர் லீவில் போயிருந்த ஒரு காலை அது. மீன்காரன் காசிநாதன் வலை உதறும்போது வலக்கடியன் கையைக் கவ்விவிட்டது, வலையில் மாட்டினால் வலையையே கடிப்பதால் அந்தப் பெயர், துடுப்பு மாதிரி வால், நல்லபாம்பைவிடப் பொல்லாதது. நாலு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள், இமை இரண்டும் பாதிக் கண்ணை மூடித் தொங்கியது. கடல்பாம்புக்கு மருந்தே கிடையாது, அலமாரியில் இருந்தது நல்லபாம்புக்கானது, அல்லாமேல் பாரத்தைப் போட்டு இரண்டு குப்பி ஏற்றினார். சாயங்காலம் காசி எழுந்து கஞ்சி கேட்டான். டாக்டரம்மா அதைக் கேட்டதும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாரே... லட்சக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் நாகத்தின் பங்காளி ஒன்று கடலில் இறங்கியது, உடம்பு மாறியது, வால் மாறியது, விஷத்தின் அடிப்படை மட்டும் மாறவில்லை, நரம்பை அடக்கும் விஷம், முதலில் தொங்குவது கண்ணிமை, அதே விஷத்தைப் பிரித்தெடுத்தால் ஒருநாள் மருந்தாகவும் ஆகலாம் என்றார். ஒரு குடும்பத்து விஷமென்றால் ஒரே மருந்து கேட்கும், அதற்கு மனிதசாட்சி காசி ஒருவன்தான், காசிக்குச் சாட்சி ஜலாலுதீன். இதற்குமேல் ஒரு மனிதனுக்கு என்ன மரியாதை வேண்டும்?

திருக்கழுக்குன்றத்தில் கழுகு பார்க்க வந்த கூட்டம் இறங்கியது, காசிநாதன் ஏறினான், அங்கே அக்கா மகள் கல்யாணம், அவனையும் டாக்டரம்மா வரச் சொல்லியிருந்தார். "தள்ளு பாய், ரெண்டு ராவா தூக்கமில்ல" என்று பக்கத்தில் சரிந்தவன் மாமரத் தோப்பு தாண்டுவதற்குள் சொக்கிவிட்டான். ஜலாலுதீன் திரும்பிப் பார்த்தார். இமை இரண்டும் பாதிக் கண்ணில்... அப்படியே நின்றது. அதே மாதிரி. அதே... சே, தூங்குகிறவன் கண் அப்படித்தான் இருக்கும். ஆனால் அன்றைக்கு? அவனை உலுக்கினார். "காசி, பாம்பு கடிச்ச அன்னிக்கி முந்தின ராவு தூங்கினியா?" "எங்க தூங்கறது, மத்தி மீனு வாரிகினு இருந்த சீசன், மூணு ராவு தொடர்ந்து கடலு. நின்னுகினே தூங்கினேன். நீ ஊசி குத்தச்சொல்லதான் முழிச்சேன். வுடு பாய், பேஜாரு பண்ணாத." மீன்பிடிக் குப்பத்துப் பக்கத்தில் முப்பத்திரண்டு வருஷம் இருந்து, காலையில் கரையேறுகிறவன் கண் எப்படி இருக்கும் என்று தெரியாதா எனக்கு? தெரியும். பாம்பு என்ற சொல்லைக் கேட்டதும் மறந்துவிட்டது, தூக்கத்தை விஷம் என்று எடுத்துக்கொண்டேன். சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும், பஸ்ஸில் அடி கூட்டுவதும் இதுவும் ஒன்றுதானே... ஒன்றா? ஏதோ ஒரு கரையில் எவனோ ஒரு கம்பவுண்டர் இதைப் படித்துவிட்டு, இருக்கிற குப்பியை ஏற்றிவிட்டு, நிம்மதியாக உட்கார்ந்துவிடுவான், எதிரே ஒருவன் மூச்சு அடங்கிக்கொண்டிருப்பான்.

டாக்டரம்மாவின் கடற்கரை பங்களாவில் மேஜைமேல் கண்ணாடிக் கிண்ணத்தில் பாம்பு விஷம் மஞ்சள் உப்பாகக் காய்ந்திருந்தது, கடுகளவு, நூறு ஆளைக் கொல்லும் என்று போனமுறை பார்த்துவிட்டு ஊரெல்லாம் சொன்னாரே ஜலாலுதீன், ஆயிரம் என்றும் சொன்னார். டாக்டரம்மா தாளை நகர்த்தி, "கையெழுத்துப் போடுங்க, கம்பவுண்டர் ஐயா" என்றார். பேனாவை எடுத்தவர் கீழே வைத்தார். "அம்மா, கண்ணு கடிக்கி முன்னாடியே தொங்கிகினு இருந்துதோ இன்னாவோ. இவன் மூணு ராவா தூங்கல. எழுதறதா இருந்தா அதயும் எழுதுங்க." சொன்ன பிறகு காது சுட்டது, போயிற்று லண்டன். அந்த அம்மாள் தாளைக் கிழிக்காமல் திருப்பிப்போட்டு வேகமாக எழுதினார். "கடிபட்டவங்கள்ல பாதிப்பேர் ஏன் மருந்தில்லாமலே பிழைக்கிறாங்கன்னு ரெண்டு வருஷமாத் தேடறேன். கடிக்குது, ஆனா விஷத்தை ஏத்தறதில்லையோன்னு சந்தேகம். மீனுக்காகச் சேர்த்து வச்சதை மனுஷன்மேல ஏன் செலவழிக்கணும்? உங்க பேர் இருக்கும், ஐயா. இந்த வரியோட இருக்கும்."

ஜலாலுதீன் நிமிர்ந்து உட்கார்ந்தார், சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார், ஷரீபுன்னிசாவிடம் எப்படிச் சொல்வது, எழுத்துக்கு எழுத்து உள்ளதைச் சொல்லிப் பெயர் வாங்கினேன் என்றால் நம்புவாளா... நம்பமாட்டாள். சிரிப்பு வந்தது. அப்புறம் கிண்ணத்தைப் பார்த்தார், சிரிப்பு பாதியில் நின்றது. அந்தப் பாம்பு வலையில் நசுங்கி, மூச்சுமுட்டி, வாய்க்குள் காசியின் கை, உள்ளே அத்தனை விஷம்... ஏற்றவில்லையா? அப்படியென்றால் அன்றைக்குக் காசியைப் பிழைக்கவைத்தது சீரமில்லை, அந்தப் பாம்பே...

"காசி, அந்தப் பாம்ப இன்னாடா பண்ணீங்க?"

"துடுப்பால அடிச்சிப் போட்டோம் பாய்," என்றான் காசி கொட்டாவி விட்டபடி, "வேற இன்னா பண்ணுவாங்க?"

மூன்றடிதான் இருந்தது அது. மூன்றடிகூட இருக்காது.