வாசலை அடைத்த துணி

விடிவதற்குள் இருபது தேனீப் பெட்டிகளின் வாசலையும் அடைத்துக் கொழுந்தனின் வண்டியில் ஏற்றிவிட்டோம். பழத்தோட்டத்துக்கு அரை மணி நேரம்தான். அதற்குக் காற்று புகும் கம்பி வலை எதற்கு, துணி போதும் என்றது நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

தோட்டத்துக் காவல்காரர் கேட்டைத் திறக்கவில்லை. "மேனேஜர் கையெழுத்து இல்லாம விட முடியாதும்மா. வந்துருவார்." ஏசி அறைக்குள் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டார். பூ உதிர்வதற்குள் தேனீ கொண்டு வா, அப்போதுதான் காய் பிடிக்கும் என்று என்னை விரட்டியதே அந்த மேனேஜர்தான்.

மணி பத்தானது. வெயில் மண்டையைப் பிளந்தது. தேனீக்கு வியர்க்காது. வெக்கை கூடினால் சில பறந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து தேனடையில் பூசும். சில வாசலில் நின்று இறக்கையால் விசிறும். இரண்டுக்கும் வாசல் வேண்டும். வாசலில் என் துணி இருந்தது.

கண்ணாடியைத் தட்டினேன். "அண்ணே, உள்ள வெந்து சாகுது. கேட்டுக்குள்ள மர நிழல்லயாவது நிறுத்திக்கிறோம்."

"பூச்சிதானேம்மா. கொஞ்ச நேரம் பொறுத்துக்காதா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் கொழுந்தன் கூப்பிட்டான். "அண்ணி, ஒரு பெட்டியில தேன் ஒழுகுது."

அடை உருகிவிட்டது. மற்ற பத்தொன்பதின் துணியையும் பிடுங்கி எறிந்தேன்.

"இங்க தொறந்தா கொட்டும் அண்ணி."

"கொட்டட்டும்."

எனக்கு நாலு கொட்டு விழுந்தது. வாங்க வேண்டியதுதான். தாகத்தில் கிளம்பியவை எல்லாம் ஏசித் தண்ணீர் சொட்டும் சுவருக்குப் பறந்தன. சுவர், கண்ணாடி, கதவின் கைப்பிடி என்று ஓரிடம் பாக்கியில்லை.

உள்ளிருந்து காவல்காரர் கத்தினார். "ஏம்மா, வெளிய வர முடியல. இதுங்கள எடும்மா."

"தண்ணி குடிக்குதுங்க அண்ணே. கொஞ்ச நேரம் பொறுத்துக்குங்க."

தண்ணீரை நிறுத்தினால் போய்விடும் என்று ஏசியை அணைத்தார். சுவரின் ஈரம் அவ்வளவு சீக்கிரம் காயுமா? கால் மணி நேரத்தில் சட்டையைக் கழற்றிவிட்டு, கையெழுத்து நோட்டால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் வண்டியில், பெட்டி வாசல்தோறும் தேனீக்கள் வரிசையாக நின்று விசிறிக்கொண்டிருந்தன.

ஒழுகிய பெட்டியை இறக்கி, அவர் கண்ணுக்கு நேரே மூடியைத் திறந்தேன். ஒரு குடும்பமே தேனில் மூழ்கிக் கிடந்தது. ஒரு இறக்கைகூட அசையவில்லை.

அவர் விசிறுவதை நிறுத்தினார். நான் குனிந்து, அந்தப் பெட்டி வாசலில் இன்னும் இறுகியிருந்த துணியை உருவினேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் யாரைத் திட்டுவது?