மழித்த கன்னம்

முள்ளுக்குறிச்சியில் பஸ் ஏறும்போது ரமேஷ்குமாருக்கு முகம் இருக்கும். மலைமேல் வளப்பூர் நாட்டில் இறங்கும்போது கண் மட்டும்தான் இருக்கும். நடுவில் ஏதாவது ஒரு வளைவில் சட்டைப்பையிலிருந்து முகமூடியை எடுத்துக் காதில் மாட்டிக்கொள்வான். எட்டு வாரமாக இதுதான் நடக்கிறது.

கண்டக்டர் ராசப்பன் இதைக் கவனிக்காமல் இருப்பாரா?

"ஏந் தம்பி, கீழ இருக்கறப்ப மொகம் பளபளன்னு இருக்குது. மலையேறுனா மூடிக்கற. குளுருதா?"

"ஆமாங்கண்ணா."

"வைகாசி வெயிலு. கூரை மேல கெடக்கற பலாப்பழமே வெந்து மணக்குது. உனக்கு மட்டும் குளுருது."

பஸ்ஸில் நாலைந்து பேர் சிரித்தார்கள். ரமேஷ்குமாரும் சிரித்தான். முகமூடிக்குள் சிரிப்பது யாருக்குத் தெரியும்?

மனைவி முழுகாமல் இருக்கும்போது புருசன் முகத்தில் கத்தி வைக்கக் கூடாது என்பது அவன் மாமியார் வீட்டு வழக்கம். அவன் நர்சிங் படித்தவன்தான். தாடிக்கும் கருவுக்கும் சம்பந்தமில்லை என்று பரீட்சைத் தாளில் எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவான். ஆனால் முதல் குழந்தை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே போனபோது அவனிடம் எந்தத் தாளும் இல்லை. அப்போது அவன் கடைசி வருடம். ஆண் மாணவர்கள் ஒரு நாள் ரோமத்தோடு வந்தாலும் செய்முறைத் தேர்வுக்குள் விடமாட்டார்கள் என்பது கல்லூரி விதி. மழித்துக்கொண்டு போனான், பாசானான், பத்தாம் நாள் செய்தி வந்தது.

மாமியார் பாப்பாயி ஒரே ஒரு முறை, "கத்தி வெச்சது ஆவல சாமி" என்றார். குரலில் கோபம் இல்லை. அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. கோகிலா அந்த ஒரு முறையும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் ஆறியிருக்கும்.

இரண்டாவது தங்கியபோது கோகிலா சாமி விளக்குக்கு முன்னால் அவனை நிற்க வைத்தாள். "நான் ஒண்ணுமே கேக்கலீங்க. இந்தவாட்டி மட்டும் மொகத்துல கத்தி வெக்காதீங்க." விளக்கைத் தொட்டு, சரி என்றான்.

ஆறு மாதம் அந்த வாக்கு நின்றது. அடிவாரத்து ஊரில் அவன் வேலை பார்த்த மருத்துவமனையிலும் விதிகள் இருந்தன. உடை மாற்றும் அறையில் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருந்தார்கள். ஆண் செவிலியர் முடி காலருக்கு மேல் இருக்க வேண்டும். நகம் வெட்டியிருக்க வேண்டும். கையில் கயிறு, மோதிரம் கூடாது. சென்ட் கூடாது. முகம் மழித்திருக்க வேண்டும். நர்சிங் சூப்பிரண்டு தேன்மொழி ரொம்பக் கண்டிப்பானவர். ஆனாலும் அவன் காரணத்தைச் சொன்னபோது, "வெளி நோயாளிப் பக்கம் இருங்க. ஒட்ட வெட்டி வெச்சுக்கங்க. நான் பாக்காத மாதிரி இருக்கேன்" என்றார்.

ஏழாம் மாதம் பிறந்தபோது, தனி வார்டில் ஆள் பற்றாமல் போயிற்று. காசநோய்க்காரர்கள் இருக்கும் வார்டு. அங்கே சாதாரண முகமூடி போதாது. முகத்தோடு இறுக ஒட்டுகிறது வேண்டும். தேன்மொழி அவனுக்கு அதை மாட்டிவிட்டு, ஊதச் சொல்லி, கன்னத்தருகே ஒரு பஞ்சுத் திரியைப் பிடித்தார். திரி ஆடியது.

"பாத்தீங்களா பிரதர்? தாடி வழியா காத்து போவுது. உள்ள வர்றதும் இந்த வழியாத்தான் வரும். ஞாயித்துக்கெழம ஊருக்குப் போவீங்க. அங்க யாரு இருக்காங்க?"

அவன் முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"நான் விதிக்காகச் சொல்லல. நாளைக்குக் காத்தால சொல்லுங்க. முடியாதுன்னா வேற ஆளத்தான் எடுக்கணும். அப்பறம் உங்களுக்கு இங்க எடமில்ல, எங்கையிலயும் ஒண்ணுமில்ல."

மழித்தால் வாக்குப் பொய்யாகும். மழிக்காவிட்டால் வேலை போகும். போகாவிட்டாலும் அந்தக் காற்று அவனோடு மலையேறும். யோசித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் அதே குழந்தைதான் நின்றது. மறுநாள் காலை கண்ணாடி முன் நின்று மழித்தான். பஞ்சுத் திரி ஆடவில்லை.

சொல்லியிருக்கலாம். தவறு அங்கேதான் நேர்ந்தது. ஏழாம் மாதத்தில், அதே ஏழாம் மாதத்தில், அவளிடம் எப்படிச் சொல்வது? அவள் பயந்துபோய், அந்தப் பயத்திலேயே ஏதாவது ஆகிவிட்டால்? அந்த ஞாயிற்றுக்கிழமை முகமூடியோடு போய், "வார்டுல சளிக் காய்ச்சல். உனக்கு ஒட்டிக்கக் கூடாது" என்றான். ஒரு பொய்யை வீட்டுக்குள் விட்டால் அது பாய் கேட்கும், சோறு கேட்கும். தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்ச் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டான். மிளகு மூட்டைகள் கிடந்த அறையில் கதவைச் சாத்திப் படுத்தான். குழந்தையின் துடிப்பைக் கேட்க ஸ்டெதஸ்கோப் வைக்கும்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். துடிப்பு கேட்கும்வரை அவன் மூச்சு முகமூடிக்குள்ளேயே நின்று வேர்க்கும். பக்கம் பக்கமாக எழுதக்கூடியவன், ஒவ்வொரு வாரமும் மாமியாரைப் போலவே பயந்தான்.

கோகிலா ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு மாற்றம். நடந்தால் சத்தம் வரும் அவள் கால் சத்தமில்லாமல் போயிருந்தது.

"கொலுசு எங்க?"

"காலு வீங்குதுங்க. கழட்டி வெச்சுட்டேன்."

அவன் குனிந்து முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். வீக்கமிருந்தால் குழி விழ வேண்டும். விழவில்லை. இரத்த அழுத்தத்தைப் பார்த்தான், சரியாக இருந்தது. கொலுசைக் கழற்ற ஒரு காரணமும் இல்லை. என் மேல் கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். கேட்கும் தைரியம் முகமூடி போட்டவனுக்கு ஏது?

கொலுசைப் பற்றிக் கேட்டதற்கு முந்தின வாரம், வார்டில் வெங்கிடுசாமி என்று ஒரு பெரியவர் இருந்தார். நோய் தணிந்து பொது வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். பார்க்க வர ஆளில்லை. "பிரதர், மூஞ்சி முள்ளுக்காடாட்டம் அரிக்குது. செத்தாக் கூடப் பேயே பயந்துக்கும்" என்றார். அது ரமேஷ்குமாரின் வேலை நேரம் இல்லை. ஆனாலும் வெந்நீர் கொண்டுவந்து, அவர் கன்னத்தை ஒரு கையால் தாங்கி, நிதானமாக மழித்துவிட்டான். தேன்மொழி அன்று வாசல் பக்கம் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். சாயங்காலம் கூப்பிட்டு, "அடுத்த மாசம் விசேசத்துக்குத் திங்கக்கெழமையும் சேத்து லீவு எடுத்துக்கங்க. வளையல் போடறாங்களாமே" என்றார். தான் சொல்லாத சேதி இவருக்கு எப்படித் தெரிந்தது என்று வியந்தான். வியந்ததோடு சரி.

ஒன்பதாம் மாதம் வளையல் போடுவதாக ஏற்பாடு. முதல் முறை அந்த நாள் வரவே இல்லை என்பதால் பாப்பாயி ஊரையே அழைத்திருந்தார். கோகிலாவை மணையில் உட்கார வைத்துப் பக்கத்தில் அவனையும் உட்காரச் சொன்னார்கள். சுற்றிலும் பெண்கள். முன்னால் வளையல் தட்டு, பூ, கிண்ணத்தில் குழைத்த சந்தனம். எழுந்து போக வழி இல்லை. முகமூடிக்குள் வேர்வை உதட்டில் உப்பாக இறங்கியது.

ஒவ்வொருத்தராக வந்து கோகிலாவின் கன்னத்தில் சந்தனம் பூசி வளையல் போட்டார்கள். பக்கத்து வீட்டு அத்தாயி வந்தார். வாய் சும்மா இருக்காத மனுசி.

"பொண்டாட்டிக்கு மட்டும் பூசுனா ஆச்சா? மாப்பிள்ளைக்கும் ரெண்டு கன்னத்துல அப்போணும். சாமி, அத அவுருங்க. மொகத்தப் பாத்து எத்தன நாளாச்சு. தாடி மார் வரைக்கும் வந்திருக்குமே."

"அவுருங்க மாப்பிள்ள" என்று இன்னும் நாலு குரல். பாப்பாயி ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தார். சந்தனம் தோய்ந்த விரல்கள் அவன் காதை நோக்கி வந்தன. இத்தனை பேர் முன்னால், இந்த நாளில், அவள் பார்க்கப் போகிறாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"சின்னம்மா, வேண்டாமுங்க" என்றாள் கோகிலா. குரல் சாதாரணமாக இருந்தது. "அவருக்குச் சந்தனம் ஆவாது. பட்டாத் தடிச்சுப் போயிரும். கையில பூசுங்க."

"சந்தனம் ஆவாதா? நர்சு படிச்சா இதெல்லாங்கூட வருமா?"

"வரும் போலீங்க சின்னம்மா. ஊசி போடறவங்க ஒடம்பு ஊசியாட்டந்தான் இருக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தாயி அவன் புறங்கையில் சந்தனத்தை அப்பிவிட்டு நகர்ந்தார். ரமேஷ்குமார் கண்ணைத் திறந்தான். கல்யாணத்தன்று அவன் முகம் முழுக்கச் சந்தனம் பூசியவளே கோகிலாதான். அவனுக்கு ஒன்றும் தடிக்கவில்லை. அவள் நேராகப் பார்த்துக்கொண்டு அடுத்த வளையலுக்குக் கையை நீட்டினாள்.

பந்தி தொடங்கியதும் அவள் மிளகு அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். மூட்டை மேல் மெல்ல உட்கார்ந்தாள்.

"அவுருங்க" என்றாள்.

அவன் அவிழ்த்தான். எட்டு வாரத்தில் முதல்முறையாக அவள் முன் அவன் முகத்தில் காற்றுப் பட்டது.

"ஸ்கேனுக்கு வந்தன்னைக்கு அம்மாவ பஸ் ஸ்டாண்டுல உக்கார வெச்சுட்டு உங்க ஆஸ்பத்திரிக்கு வந்தேனுங்க. எப்பப் பாரு முகமூடி. உங்களுக்கு ஏதோ சீக்கு, எங்கிட்ட மறைக்கறீங்கன்னு பயம். கண்ணாடிக் கதவு வழியா பாத்தேன். மொகம் அப்பிடியே மழிச்சிருந்துச்சு."

"கோகிலா."

"இருங்க. மொதல்ல திரும்பிப் போயிடலாமுன்னு ரெண்டடி வெச்சேன். அப்பறம் பாத்தா, ஒரு பெரியவருக்குச் சவரம் பண்ணிட்டு இருந்தீங்க. கீறிடுமோன்னு கன்னத்தப் புடிச்சிருந்தீங்க. அவரு கொழந்தையாட்டம் கண்ண மூடிட்டு இருந்தாரு. அந்தக் கையால நம்ம கொழந்தைக்குக் கெடுதி வராதுன்னு தோணுச்சு. அந்த மேடம் வந்தாங்க. உக்கார வெச்சு, மோரு குடுத்து, பஞ்சு வெச்சுப் பாத்த கதையெல்லாஞ் சொன்னாங்க. நான் வந்தது அவருக்குத் தெரிய வேண்டாமுன்னேன்."

"ஏன் கண்ணு?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

வெளியே இலை போடும் சத்தம் கேட்டது.

"வாக்குக் குடுத்தது சாமிக்கு முன்னால. உட்டுட முடியுமா? அவரு மொகத்துக்குப் பதிலா நான் கொலுசு போடறதில்ல, கொழந்த பொறக்கற வரைக்கும்னு அம்மங்கிட்டச் சொல்லிட்டேன். படத்துக்குப் பின்னால வெச்சிருக்கேன்."

வீங்காத காலைப் பார்த்தான். தெய்வம் எதை ஏற்றுக்கொள்ளும், எதைத் தள்ளும் என்று நமக்குத் தெரியாது. ஒருவர் பாரத்தை இன்னொருவர் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டால் அதைத் தள்ளாது என்று மட்டும் நம்பலாம்.

"பயமா இல்லையா?" என்றான்.

"இருக்குதுங்க. தெனமும் இருக்குது. நீங்க அந்தப் பக்கம் சுவத்தப் பாத்துட்டு, நான் இந்தப் பக்கம் சுவத்தப் பாத்துட்டுப் பயந்துக்கறதுதான் கஷ்டமா இருக்குது."

அவன் தரையில் உட்கார்ந்து அவள் வயிற்றில் கன்னத்தை வைத்தான். ஸ்டெதஸ்கோப் இல்லை. மழித்த கன்னத்தில் உள்ளேயிருந்து ஒரு உதை விழுந்தது. இன்னொன்று. அவன் அழுதான்.

வெளியே காலடிச் சத்தம். பாப்பாயியின் குரல். "கோகிலா, மாப்பிள்ள சாப்புட வல்லையா? பாயசம் ஆறுது."

அவன் பதறி எழுந்தான். கோகிலா அவன் முகத்தை முந்தானையால் துடைத்தாள்.

"அம்மாவுக்கு?" என்றான் மெதுவாக.

"அம்மா தாங்காதுங்க. போன தடவ அந்தக் கொழந்தையக் கையில வாங்குனது அதுதான். இன்னும் ஒரு மாசந்தான். பொறந்ததும் நானே சொல்லிக்கறேன்."

கீழே கிடந்த முகமூடியை எடுத்துத் தட்டினாள். அவன் குனிந்தான். கயிற்றை அவன் காதுகளில் அவளே மாட்டி, மூக்கின் மேல் இருந்த கம்பியை அழுத்திவிட்டு, கன்னத்தருகே விரலை வைத்துப் பார்த்தாள்.

"காத்து வருதா?" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"இல்ல."

"அப்பச் செரி. வாரோம்மா" என்று குரல் கொடுத்துவிட்டு, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து கதவைத் திறந்தாள்.