நத்தையை இறக்கிய அக்கா

மலைப்படையிடம் 'நத்தை' என்று எல்லோரும் அழைத்த மலையேறும் வண்டிகள் மொத்தமே இரண்டுதான் இருந்தன. ஒன்று பழுதாகிப் பட்டறையில் கிடந்தது. மற்றொன்றைத் தம்பி ஓட்டினான், அக்கா பழுது பார்த்தாள். டயருக்குப் பதில் இரும்புப் பட்டை, ஸ்டியரிங்குக்குப் பதில் பக்கத்துக்கொரு லீவர், அகலமோ ஒரு கட்டில் அளவு. ஆனால் உச்சிக் காவல் முகாமுக்குப் போகும் பாதையில் வேறெந்த வண்டியும் நுழையாது. புது வண்டிகளெல்லாம் அடிவாரத்தில் நின்று அழகு காட்டும்.

தம்பிக்கு இதில் தலைகால் புரியாத பெருமை. "பட்டறைக்குள்ள ரெண்டு சுத்து சுத்துறதெல்லாம் ஓட்டுறதாக்கா?" என்று சீண்டிக்கொண்டே இருப்பான்.

"நான் நட்டு முடுக்கலேன்னா உன் வண்டி வாசலத் தாண்டாதுடா" என்பாள் அக்கா.

அன்று சரக்கோடு இருவரும் உச்சிக்குப் போனார்கள். இறக்கும்போது மண்ணெண்ணெய்ப் பீப்பாய் ஒன்று உருண்டு தம்பியின் காலை நசுக்கிவிட்டது. மேகம் கவிந்திருந்ததால் ஹெலிகாப்டர் வராது என்று வயர்லெஸ்ஸில் கையை விரித்தார்கள். சீக்கிரம் ஆஸ்பத்திரி சேராவிட்டால் காலை எடுக்க வேண்டியதுதான் என்றார் முகாமில் கட்டுப்போடுபவர். நத்தையை மலைப்பாதையில் ஓட்டிப் பழகியவர் தம்பியை விட்டால் அங்கே யாருமில்லை.

"அவன பின்னால படுக்கவச்சுக் கட்டுங்க" என்று சொல்லிவிட்டு அக்கா ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள்.

முதல் இறக்கத்திலேயே கோட்டை விட்டாள். இடதுபுறம் திரும்ப இடது லீவரை லேசாக இழுத்தாள். வண்டியோ வலதுபுறப் பள்ளத்தைப் பார்த்துத் திரும்பியது. சமதளத்தில் இழுத்த பக்கமே வண்டி திரும்பும்; செங்குத்து இறக்கத்தில் லீவரை லேசாக இழுத்தால் அந்தப் பக்கத்துப் பட்டை எஞ்சின் பிடியிலிருந்து விடுபட்டு முந்தி ஓடும், வண்டி எதிர்ப்பக்கம் போகும். இதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்கியவளே அவள்தான். கை மட்டும் பட்டறைத் தரையின் பழக்கத்திலேயே இருந்தது. இரண்டு லீவரையும் முழுக்க இழுத்து நிறுத்தினாள். வண்டியின் மூக்கு பள்ளத்துக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது.

"அக்கா... இறக்கத்துல..." என்று பின்னாலிருந்து முனகினான் தம்பி.

"தெரியும். வாய மூடிட்டுப் படு."

பயத்தில்தான் அப்படி எரிந்து விழுந்தாள். பின்னோக்கி எடுத்து, மறுபடி இறங்கினாள். "இடப்பக்கம் போக வலது, வலப்பக்கம் போக இடது" என்று பைத்தியக்காரி மாதிரி சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். சமதளம் வந்தால் பழையபடி மாற்ற வேண்டும், இறக்கம் வந்தால் திரும்பவும் தலைகீழ். பாதி மலை இறங்கியபோது வாய் தானாக நின்றுபோனது, கை சரியாகத் திருப்பிக்கொண்டிருந்தது. நான்தான் ஓட்டுகிறேன் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் ஓடிவந்து தம்பியின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். "நாடி இருக்கு. நேரத்துக்குக் கொண்டுவந்துட்டீங்க, காலக் காப்பாத்திடலாம்."

அக்கா வண்டியை விட்டு இறங்கினாள். எதிரே, வயர்லெஸ்ஸில் செய்தி கேட்டு வந்திருந்த கேப்டனும் படைவீரர்களும் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்கள். பெரிய அதிகாரி யாரோ வருகிறார் போல என்று அவள் அவசரமாக ஒதுங்கித் திரும்பிப் பார்த்தாள்.

ஸ்ட்ரெச்சரில் கிடந்த தம்பி சிரிக்க முயன்றான்.

"பின்னால யாரும் இல்லக்கா. உனக்குத்தான்."