ஏழாம் வருடத்தின் பாடு

அன்று கோயில் அறையில் இருந்தவர்கள்: ஜன்னலோரம் நாற்காலியில் ஒல்லாந்துப் பாதிரியார். அவருக்கு வலப்பக்கம், மேசையருகே, மொழிபெயர்க்கவும் எழுதவும் நான். வாசற்படியில் குப்பத்துத் தலைவர் பெரியசாமி. தரையில், மீன் கூடையை மடியில் வைத்தபடி முனியம்மாள். அவள் மகள் மார்த்தாள் சுவரோரம் நின்றாள். அவளை உட்காரச் சொல்லும் உரிமை கோட்டைக் காப்பித்தானுக்குத்தான் உண்டு, அவன் வரவில்லை.

பஞ்சத்தில் ஒரு மூட்டை நெல்லுக்கு முனியம்மாள் மகளைக் காப்பித்தான் வீட்டில் அடிமையாக விட்டாள். ஆறு வருடம் முடிந்துவிட்டது. இப்போது அவன் கடல் கடந்து, ஒல்லாந்தரின் பத்தாவியா நகருக்கு மாறிப் போகிறான்; மார்த்தாளையும் கொண்டுபோகிறான். முகத்துவாரத்துக்கு வெளியே கப்பல் காத்திருந்தது.

ஆறு வருடம் உழைத்த அடிமையை ஏழாவதில் விட்டுவிட வேண்டும் என்ற மோசேயின் சட்டத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழில் வாசித்தவன் நான். முனியம்மாள் அதை, குப்பத்தார் மீன் பிடிக்கும் ஏரியின் சட்டம் போலவே எடுத்துக்கொண்டாள். ஏரியில் இன்ன நாள் இன்னார் வலை என்று முறை உண்டு, பாடு என்பார்கள். பாடு வந்தவனை யாரும் தடுக்க முடியாது.

"ஐயரே, ஏழாவது வருசம் வந்துட்ச்சு. இது எம் பொண்ணோட பாடு. வுட்டுருங்க" என்றாள் பாதிரியாரிடம்.

பாதிரியார் தடித்த லத்தீன் புத்தகம் ஒன்றைத் திறந்தார்.

"அந்தச் சட்டம் எபிரேயருக்கு மட்டும். மற்றவர்களுக்கு அதன் பொருள் வேறு. ஆதி சபையின் பிதாக்கள் விளக்கியிருக்கிறார்கள். அடிமை என்பது பாவத்தில் கிடக்கும் ஆத்துமா. ஏழாம் வருடம் என்பது கிறிஸ்து தரும் இளைப்பாறுதல்."

தமிழில் சொன்னேன்.

"அம்மனுக்குக் கூழ் ஊத்தாதன்னு சொல்றப்போ, இனிமே நீங்கதான் இசுரவேல் சனம்னீங்களே? இப்ப இன்னா, நாங்க வேற சனமா?" என்றாள் முனியம்மாள்.

"அது ஆவியின்படி" என்றார் பாதிரியார்.

"சரி. ஆத்துமாவ வுட்டாச்சு. அது எங்கூட குப்பத்துக்கு வந்துரும். ஒடம்பு மட்டும் கப்பல் ஏறுமா?"

பெரியசாமி சிரித்துவிட்டார். "நல்லா கேட்ட போ! மீன அவுங்க எடுத்துக்குவாங்களாம், நமக்குத் தண்ணியாம்!"

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. சிரிப்புக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவுமில்லை. பாதிரியார் புத்தகத்தை மூடினார். "எழுது" என்றார்.

பத்தாவியா சபைக்கு எழுதினேன். மார்த்தாள் ஞானஸ்நானம் பெற்றவள். நல்ல நடத்தையுள்ளவள். வேதத்தின் மெய்ப்பொருள் தாய்க்கு விளக்கப்பட்டது. தாய் சமாதானமடைந்தாள்.

ஆறு வருடத்தில் மார்த்தாள் ஒல்லாந்தர் மொழியைப் படிக்கவும் கற்றிருந்தாள். என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"அம்மா சமாதானமாயிட்ச்சின்னு எழுதிக்கிறியா, அண்ணே?"

"அவர் எழுதச் சொன்னார்ம்மா."

"அவரு சொன்னாரு. நீ எழுதன."

முனியம்மாள் என்னைப் பார்த்தாள்.

அரக்கை உருக்கி முத்திரை வைத்தேன். கப்பலுக்குப் படகு விடுவதிலும் குப்பத்தில் முறை உண்டு. அன்று பெரியசாமியின் முறை. கடிதத்தை அவர் கையில் கொடுத்தேன். இடுப்பில் செருகிக்கொண்டு, முனியம்மாள் பக்கம் திரும்பாமல், "வாம்மா, முகத்துவாரத்துல தண்ணி வத்திரும்" என்றார் மார்த்தாளிடம்.