சாட்சிக் கையெழுத்து

பதினொரு மணிக்கு விசாரணை. பத்தே முக்காலுக்கும் நெட்டையக்கா அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். மடிப்பில் பசை தடவி, மூலையை உள்ளே தள்ளி, உள்ளங்கையால் அழுத்தி, பெல்ட்டில் வைக்க வேண்டும். நிமிடத்துக்கு ஆறு பெட்டி. அன்று நான்குகூட ஓடவில்லை. தொழிலாளர் அலுவலகம் இரண்டு ஸ்டாப் தள்ளித்தான். இப்போது கிளம்பினாலும் போய்விடலாம்.

விசாரணை ரேடியோவுடையது. வெட்டு மெஷினில் நின்றபடி நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பாள் என்பதால் அந்தப் பெயர். நான்கு மாதத்துக்கு முன் அந்த மெஷின் அவளது வலது கையில் நான்கு விரல்களை நறுக்கிவிட்டது. அதற்கு முந்தின நாள்தான், வேலை வேகமாக நடக்க வேண்டும் என்று சூப்பர்வைசர் அதில் கை மாட்டாமல் காக்கும் தடுப்புக் கம்பியைக் கழற்றச் சொன்னார். கழற்றிய ஃபிட்டர் வேலையை விட்டு எங்கோ போய்விட்டான். ரேடியோவைத் தவிர, சூப்பர்வைசர் சொன்னதைக் காதால் கேட்டவள், அடுத்த மேஜையில் நின்ற நெட்டையக்கா மட்டும்தான்.

"நீ வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்க்கா" என்று ஆஸ்பத்திரியில் கேட்டிருந்தாள் ரேடியோ.

"இதெல்லாம் ஒரு கேள்வியாடி? வராம எங்க போகப்போறேன்?" என்று இவளும் சொல்லியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை சூப்பர்வைசர் கூப்பிட்டார். அதட்டவில்லை. உட்காரச் சொன்னார்.

"போகாதேன்னு சொல்லலம்மா. தாராளமா போ. ஆனா வெள்ளிக்கிழமை நிரந்தர வேலைக்கான லிஸ்ட் மேல போகுது. ஒரே ஒரு இடம்தான். இந்த மாசம் அரை நாள் லீவு போட்டிருந்தாலும் பேரு வராது. உன் வீட்டுக்காரருக்கு வாரம் ரெண்டு தடவை ரத்தம் சுத்தம் பண்றாங்கல்ல? நிரந்தரமாயிட்டா எல்லாம் கம்பெனி வைத்திய அட்டையிலயே முடிஞ்சுடும். யோசிச்சு முடிவு பண்ணு."

இரண்டு நாள் யோசித்தாள். இன்று காலை, வீங்கிய கால்களை ஸ்டூல்மேல் வைத்துக்கொண்டு கணவன் சொன்னான்: "நீ போய்ச் சொன்னா அவளுக்கு விரல் முளைச்சுடுமா?" சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். "நான்தான் விடலைன்னு வேணா அவகிட்ட சொல்லிக்கோ."

மகள் பரீட்சைக்குப் பொருளாதாரப் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். வாய்ப்புச் செலவு, வாய்ப்புச் செலவு என்று நாலு முறை காதில் விழுந்தது.

"அப்படின்னா என்னடி?"

"ரெண்டுல ஒண்ணைத்தான் எடுக்க முடியும்னு வச்சுக்கோ. எடுக்காம விட்டோமே, அதுதான் எடுத்ததோட விலை. புத்தியுள்ளவன் ரெண்டையும் எடைபோட்டுப் பாத்து எடுப்பான்னு போட்டிருக்கு."

"எடைபோட்டு எடுத்துட்டா முடிஞ்சுதா?"

"பரீட்சைக்கு அவ்வளவுதாம்மா."

நெட்டையக்கா டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

பதினொன்று அடித்தது. அதன்பின் கை தானாக வேகம் பிடித்தது. பதினொன்றரைக்கு நிமிடத்துக்கு ஏழு பெட்டி போயிற்று. பக்கத்தில் இருந்தவள், "என்னக்கா, பேய் பிடிச்சிருக்கா?" என்று சிரித்தாள். நெட்டையக்கா அடுத்த மடிப்பில் பசை தடவினாள்.

நான்கு மணிக்கு ஆபீஸ் அறைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. உள்ளே சூப்பர்வைசரும் கிளார்க்கும் இருந்தார்கள். எதிரே, வலது கையில் துணி சுற்றிக்கொண்டு ரேடியோ. நெட்டையக்காவுக்கு வாசலிலேயே கால் நின்றுவிட்டது.

"வா வா. சாட்சி இல்லாம கேஸ் நிக்காதுன்னு ஆபீசர் சொல்லிட்டாரு. சமரசமாப் பேசி முடிச்சாச்சு" என்றார் சூப்பர்வைசர்.

ரேடியோ எழுந்து அருகே வந்தாள். அவள் குரலில் கோபம் இல்லை.

"லீவு குடுக்கலையாக்கா?"

சூப்பர்வைசர் தலைநிமிர்ந்து நெட்டையக்காவைப் பார்த்தார்.

"குடுக்கலடி."

அவர் மறுக்கவில்லை. மறுபடி தாளில் குனிந்துகொண்டார்.

"எனக்குத் தெரியும்க்கா. அக்கா வந்துடுவாங்க, கொஞ்சம் பொறுங்கன்னு ரெண்டு தடவை சொல்லிப் பாத்தேன்."

கிளார்க் வாசித்தார்: "என்னுடைய கவனக்குறைவால் நேர்ந்த விபத்துக்கு, கம்பெனி மனிதாபிமானத்தோடு வழங்கும் தொகையைப் பெற்றுக்கொண்டு..." மை டப்பாவைத் தள்ளினார். "கட்டைவிரல் போதும்மா."

"எனக்கு எழுதத் தெரியும் சார்."

இடது கையால் பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி, ரேடியோ ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். எழுத்துகள் கோட்டை விட்டுச் சரிந்தன. முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

"சாட்சிக் கையெழுத்து ஒண்ணு வேணும்" என்று கிளார்க் தாளை நெட்டையக்கா பக்கம் திருப்பினார். "இங்க, இந்தக் கோட்டுல."

அவள் பேனாவை வாங்கினாள். விரல்களில் பசை காய்ந்து தோலாக உரிந்திருந்தது. மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்து நகர்ந்தது.

ரேடியோ துணி சுற்றிய கையைத் தாளின் ஓரத்தில் வைத்து, அசையாமல் அழுத்திக்கொண்டாள்.

"இப்ப போடுக்கா" என்றாள்.